வேண்டாம் என்றொரு சீட்டு

டாக்டர் ரெஹானா அந்த நாற்பது சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பி வைத்தபோது, அகல்யாவுக்கு முதலில் தோன்றியது ஒரு தங்கைக்குத் தோன்றக்கூடாத எண்ணம். எவ்வளவு மட்டமான கட்டு இது என்று நினைத்தாள்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் அண்ணன் பூவரசன் உட்கார்ந்திருந்தான். கை கால்களில் ஒரு குறையும் இல்லை. சொன்னால் புரியும், ருசி தெரியும், ஆளை அடையாளம் தெரியும். அவிநாசி சாலையில் நடந்த விபத்தில் அவன் மூளை இழந்தது ஒன்றே ஒன்றைத்தான். எதையும் தொடங்க முடியாமல் போய்விட்டது. தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து, கையை வாய்வரை தூக்கிவிட்டால் குடிப்பான். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போனால், தொண்டை வறண்டாலும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கோயம்புத்தூர் கணபதியில் பட்டறை போட்டு, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எரிந்துபோன மோட்டார்களுக்கெல்லாம் காப்பர் கம்பியால் காயில் சுற்றி ஓட வைத்தவன் இப்படி உட்கார்ந்திருந்தான். நான்கு மாதமாக ஒவ்வொரு வாயாக அகல்யாதான் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் அவன் காதோரம் தோலுக்கடியில் அந்தக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. பார்க்க வந்த பட்டறைக்காரர்கள் அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்டார்ட்டர் போய்விட்டது, வேறு ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார்கள். அதன்பிறகு ஆஸ்பத்திரியிலும் அதற்கு ஸ்டார்ட்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஸ்டார்ட்டருக்குள் நாற்பது செயல்கள்வரை ஏற்றலாம். எழுந்து நில், பல் தேய், சாப்பிடு, மாத்திரை போடு என்று ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. ஒவ்வொரு முறையும் கருவி கட்டைக் கலைத்து ஐந்து சீட்டுகளைப் பூவரசனின் மனதில் லேசான உந்துதல்களாக எழுப்பும். அவன் அதில் ஒன்றின் பக்கம் சாய்வான். உடனே கருவி அந்த ஒன்றுக்கு முழு உந்துதல் கொடுக்கும். அப்போது காதோரம் கடுகளவு நீல விளக்கு ஒன்று எரியும். செயல் முடிந்ததும் மூளையின் அந்த இடம் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். பிறகுதான் அடுத்த ஐந்து.

வரிசையாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று அகல்யா கேட்டாள்.

"கொடுத்துப் பாத்தோம்ங்க. ரெண்டே வாரத்துல மூளை ஒதுங்கிக்குது. எல்லாம் அதுவா நடக்குதுல்ல, நமக்கென்னன்னு தூங்கிருது. அஞ்சைக் காட்டி ஒண்ணை எடுக்கச் சொன்னாத்தான் முழிச்சிருக்குது. தொடங்கத்தான் அவரால முடியாது. தேர்ந்தெடுக்க முடியும். அந்த ஒரு இழைதான் மிச்சம் இருக்குது, அதை அறுந்துபோக விடக்கூடாது."

நாற்பதில் எவையெவை இருக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டுமாம். ஆறு வாரம்வரை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நரம்புகள் அந்தத் தடங்களிலேயே இறுகிவிடும். அப்புறம் ஒரு சீட்டைக்கூட உள்ளே வைக்கவோ வெளியே எடுக்கவோ முடியாது. அவன் மிச்ச ஆயுள் முழுவதும் அந்தக் கட்டோடுதான்.

டாக்டருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. சீட்டுக்கட்டு கட்டுவதில் அகல்யாவை மிஞ்ச கோயம்புத்தூரில் ஆள் கிடையாது.

'பட்டணம்' என்று ஒரு சீட்டாட்டம். ஆடுபவர்கள் ஆளுக்கொரு பட்டணம் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி உதவாக்கரைச் சீட்டுகள், மண், புல், தரிசு என்று. ஆடஆட நல்ல சீட்டுகளைச் சேர்த்துத் தன் கட்டைத் தானே வளர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டு எடுக்க வேண்டும், ஒரு செயல்தான் செய்யலாம். ஆனால் சில செயல்கள் சங்கிலிச் சீட்டுகள். அதை இறக்கினால் இன்னும் இரண்டு செயல் செய்ய உரிமை உண்டு. அந்த இரண்டில் ஒன்று மறுபடி சங்கிலியாக இருந்தால், எதிராளி கொட்டாவி விடவேண்டியதுதான். கல்லூரிக் காலத்திலிருந்து அகல்யாவின் ஆட்டம் முழுக்கச் செயல்தான். மண்ணையும் தரிசையும் முதல் வேலையாக எரித்துவிடுவாள். எரிப்பது என்றால் அந்தச் சீட்டை ஆட்டத்தை விட்டே எடுத்துப் போட்டுவிடுவது. கட்டு சின்னதாக இருக்க வேண்டும், எந்த ஐந்து வந்தாலும் சங்கிலி பிடிக்க வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எந்த மெஷினில் எந்த ஆர்டர் எப்போது ஓட வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் உத்தியோகம். அங்கேயும் அவள் அப்படித்தான். சும்மா நிற்கும் மெஷினைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

பூவரசனின் ஆட்டம் நேரெதிர். மண் சீட்டுகளை எரிக்கவே மாட்டான். அவன் முறை வரும்போது பாதி நேரம் கையில் ஒன்றும் இருக்காது, அப்படியே விட்டுவிடுவான். ஏனண்ணா அந்தக் குப்பையைச் சுமக்கிறாய் என்று ஒருமுறை அவள் கேட்டதற்கு, "கையில ஒண்ணும் இல்லாதப்பத்தான் நிமிந்து உன்ற மூஞ்சியப் பாக்க முடியுது. நீ ஜெயிக்கறப்ப உன்ற மூஞ்சியப் பாக்கோணுமே, அம்மிணி," என்று சிரித்தான். தோற்பவன் சொல்லும் சமாதானம் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டுக்கட்டில் அதே குப்பை இருந்தது. 'சும்மா இரு' என்றே ஐந்தாறு சீட்டு. 'ஜன்னலைப் பார்.' 'தலையைத் திருப்பு.' 'நிறுத்து.' 'வேண்டாம் என்று சொல்.' முதல் இரண்டு நாள் அந்தக் கட்டோடுதான் பூவரசன் வீட்டில் இருந்தான். ஒரு காலைப்பொழுது முழுக்க ஜன்னலைப் பார்த்தான். அது முடிந்ததும் சும்மா இருந்தான். இட்லி ஆறிப்போனது. கடைசியில் விளக்கு எரிந்து அவன் வாயைத் திறந்தபோது அகல்யா ஆவலாகக் கிட்டே ஓடினாள். "வேண்டாம்," என்றான். நான்கு மாதம் கழித்து அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. சந்தோஷப்பட வேண்டிய அவள், இட்லித் தட்டைப் பார்த்து அழுதாள்.

மறுநாளே டாக்டரிடம் போய் நின்றாள். இந்தச் சும்மாச் சீட்டுகளை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

"நாங்க காரணமாத்தான் வெச்சிருக்கோம்ங்க," என்றார் டாக்டர். "நாம ஒண்ணு செய்யாம இருக்கறதுகூட மூளைக்கு ஒரு வேலைதான். ஆமாங்கறது தன்னால வந்துரும். யாராவது கேட்டா அந்தக் கேள்வியே இழுத்துட்டு வந்துரும். வேண்டாம்ங்கறதுக்குத்தான் மூளை தனியா ஒருதடவை தொடங்கணும். ஸ்டார்ட்டர் அஞ்சு சீட்டைக் காட்டினா அவர் ஒண்ணை எடுத்தே ஆகணும். சும்மா இருக்கணும்னாலும் அதுக்கொரு சீட்டு கையில வரணும்."

"சும்மா இருக்கறதுக்கா நாலு மாசம் காத்திருந்தோம்? என்ற அண்ணன் பழையபடி எந்திரிச்சு நடமாடோணும் டாக்டர்."

இதற்கு முன் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் இந்தக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். தன் பேச்சை நிரூபிக்க டாக்டரிடமும் ஆதாரம் இல்லை. குடும்பத்தின் முடிவு என்று விட்டுவிட்டார்.

அகல்யா வீட்டுத் தரையில் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஒரு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். கையாலாகாமல் இத்தனை நாள் அழுதவளுக்குக் கைவந்த வேலை கிடைத்துவிட்டது. எந்தச் செயல் எதை இழுத்துக்கொண்டு வரும் என்று அண்ணனைக் கவனித்துக் கவனித்துக் கண்டுபிடித்தாள். மேட்டில் ஏறிய சைக்கிள் இறக்கத்தில் தானாக ஓடுகிற மாதிரி, சில செயல்கள் முடிந்த வேகத்தில் அடுத்ததைப் புது உந்துதல் இல்லாமலே அவன் செய்தான். எழுந்து நின்றால் நடந்தான். குளித்தால் துணி மாற்றினான். சட்டை போட்டுச் செருப்பையும் மாட்டிவிட்டால், தெருமுனையிலிருந்த பட்டறைவரை போனான். பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தால் காப்பர் கம்பியைக் கை தேடியது. இதெல்லாம் சங்கிலிகள். இரண்டு செயலுக்கு வழிவிடும் சங்கிலிகள்.

மற்றதையெல்லாம் எரித்தாள். 'ஜன்னலைப் பார்' போனது. 'சும்மா இரு' மொத்தமாகப் போனது. 'சீட்டாடு' என்று ஒன்று இருந்தது, ஒரு பொழுதைத் தின்னும் என்று அதையும் எடுத்தாள். 'நிறுத்து' சங்கிலியை அறுப்பது, அதை வைப்பாளா? 'வேண்டாம் என்று சொல்' சீட்டைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தாள். பட்டணத்தில்கூட இத்தனை மட்டமான சீட்டு கிடையாது. ஒரு முறையை முழுசாகத் தின்றுவிட்டு எதையுமே தராத சீட்டு. அதையும் ஒதுக்கினாள்.

புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். 'சிரி.' யாராவது வந்தால் அவன் சிரிப்பான், வந்தவர் பேச்சுக்கொடுப்பார், அந்தக் கேள்வியே அவன் பதிலை இழுக்கும். அதுவும் நல்ல சங்கிலிதான் என்று டாக்டரிடம் கணக்குச் சொன்னாள். வேலைவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில் இருபதுக்கும் குறைவான சீட்டுகள். எந்த ஐந்து வந்தாலும் சங்கிலி பிடிக்கும் கட்டு. அவள் இதுவரை கட்டியதிலேயே சிறந்த கட்டு அதுதான்.

ஊரே வாயைப் பிளந்தது. ஒரே வாரத்தில் பூவரசன் காலையில் தானே எழுந்தான், குளித்தான், முகம் மழித்தான், தட்டைக் காலி செய்தான். பட்டறைக்கு நடந்தான். கேட்டால் பதில் சொன்னான். இரண்டாவது வாரம் தண்ணீர் இறைக்கும் ஒரு மோனோபிளாக் மோட்டாருக்கு முழுசாகக் காயில் சுற்றி ஓட்டிக் காட்டினான். பக்கத்து லேத் பட்டறைக்காரர் தன் செல்வாக்கில் நான்கு பழைய மோட்டார்களைக் கொண்டுவந்து இறக்கினார். மாலையில் அகல்யா கதவைத் திறந்தால் பல நாள் காதோரம் நீல விளக்கு எரியும், அண்ணன் சிரிப்பான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டுக்கு 'அகல்யா கட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வரிசையில் காத்திருந்த குடும்பங்களுக்கு அதையே கொடுக்கலாம் என்று பேச்சு நடந்தது. பரிசோதனைக்குப் போகும் நாட்களில் வெளிக்கூடத்தில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். சுலோச்சனா என்று சூலூரிலிருந்து வரும் பெண்மணி தன் கணவனுக்காக ஒவ்வொரு சீட்டையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லும் சீட்டை எடுத்துவிட்டதாக அகல்யா சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதை மொதல்ல எடுத்துருங்க கண்ணு. கல்யாணம் ஆன நாள்லிருந்து அந்த மனுசன் சொன்னது போதும்," என்றாள். கூடமே சிரித்தது. அகல்யாவும் சிரித்தாள்.

தடங்கள் இறுகுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் கம்பெனியில் மின்சாரம் போய் அகல்யா சீக்கிரமே திரும்பினாள். வீடு பூட்டியிருந்தது. பட்டறைக்குப் போனாள்.

பூவரசன் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். முதுகு நேராக, கண் கம்பியில், கை சீராக. எத்தனை அழகாக வேலை செய்கிறான் என்று வாசலிலேயே நின்று ரசித்தாள். கிட்டே போனபோதுதான் கம்பி இருக்கவேண்டிய நிறத்தில் இல்லை என்பதைக் கவனித்தாள். அவன் ஆட்காட்டி விரலில் தோல் கிழிந்திருந்தது. பழைய காயத்தின்மேல் புதுக் காயம். ரத்தம் கம்பியில் பட்டுக் காய்ந்து, அதன்மேல் மறுபடி ரத்தம். கை மட்டும் நிற்கவில்லை.

"ஐயோ, வலிக்குதாண்ணா?"

"ஆமா."

"அப்ப நிறுத்தீரலாமா?"

"ஆமா," என்றான். கை சுற்றிக்கொண்டே இருந்தது.

அகல்யா அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடிக்குள் அவை கொஞ்ச நேரம் இழுத்தன. பிறகு அந்தச் செயலின் வேகம் தீர்ந்து அடங்கின. அடுத்த ஐந்துக்கான நேரம் வந்திருக்க வேண்டும், அடங்கிய உடனே காதோரம் விளக்கு எரிந்தது, கை அடுத்த கம்பியை எடுக்க நீண்டது. அவள் கட்டிய சங்கிலி. இரண்டுக்கு வழிவிட்டு, அந்த இரண்டில் ஒன்று மறுபடி வழிவிடும் சங்கிலி. எந்த ஐந்து வந்தாலும் அறுபடாத சங்கிலி.

அவன் கண்கள் அவளையே பார்த்தன. அந்தப் பார்வையில் கெஞ்சலா, கோபமா, ஒன்றுமே இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. உனக்கு இந்த வேலை பிடிக்கவில்லையா என்று கேட்டாள். ஆமா என்றான். பிடித்திருக்கிறதா என்றாள். அதற்கும் ஆமா. நான் கட்டியது தப்பா என்று கேட்டாள். ஆமா என்றான். அதை வைத்து அழக்கூட முடியாது. கட்டியது சரியா என்று கேட்டிருந்தாலும் அவன் ஆமா என்றுதான் சொல்லியிருப்பான். இத்தனை வாரமும் இன்னும் ஒரு தோசை வைக்கட்டுமா, நாளைக்கும் பட்டறைக்குப் போகிறாயா, நன்றாக இருக்கிறாயா என்று அவள் கேட்டதற்கெல்லாம் அவன் ஆமா சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லவே முடியாதவனின் ஆமாவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

விரலுக்குத் துணி சுற்றி, அவன் கைகளைப் பிடித்தபடியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நர்ஸ் விரலுக்குக் கட்டுப்போட்டாள். டாக்டர் ரெஹானா கருவியை அன்றைக்கு அணைத்து வைத்தார். பூவரசனின் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன.

"என்ற தப்புங்க டாக்டர்," என்றாள் அகல்யா. "சீட்டாட்டத்துல ஜெயிக்கறதுக்குக் கட்டற மாதிரி கட்டிட்டேன். ஆட்டத்துல சீட்டு யாரு கையில இருக்குதுன்னு மறந்து போச்சு. கட்டினது நான், கையில புடிச்சிருக்கறது அண்ணன்."

"நானும் தடுக்கலை," என்றார் டாக்டர். "நல்லா நடக்கறப்ப எதுக்கு வாயைத் திறக்கணும்னு இருந்துட்டேன். பேருகூட வெச்சேன்."

அந்தக் கட்டை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று அகல்யா சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். ஆனால் வெளிக்கூடத்தில் அது அத்தனை சுலபமாக இல்லை. உங்கள் அண்ணன் நடமாட ஆரம்பித்ததும் எங்களுக்கு மட்டும் கதவைச் சாத்துகிறீர்களா என்று ஒருவர் சத்தம் போட்டார். தன் மகன் குளித்துச் சாப்பிட்டால் போதும், அவன் வேண்டாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார் இன்னொருவர். அகல்யா அண்ணனின் விரலைத்தான் காட்டினாள். சுலோச்சனா விரலைச் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த குறிப்பை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"வேண்டாம்னு சொல்லித்தான் அந்த மனுசன் என்ற உசிரை எடுத்தாரு," என்றாள் அவள் மெதுவாக. "ஆனா அது அவருதானே கண்ணு."

மீதி நாட்களில் அகல்யா கட்டைக் கலைத்து மறுபடி கட்டினாள். 'வேண்டாம்' திரும்ப வந்தது, ஒன்றுக்கு மூன்றாக. 'நிறுத்து' வந்தது. 'சும்மா இரு,' 'ஜன்னலைப் பார்,' 'சீட்டாடு' எல்லாம் வந்தன. கட்டு தடித்தது, சங்கிலிகள் அறுந்தன. இனி சில நாள் அவன் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பான் என்று டாக்டர் எச்சரித்தார். பழகிய மனசு அடித்துக்கொண்டாலும் அகல்யா சரி என்றாள்.

பிறகு இன்னொரு சீட்டு வேண்டும் என்றாள். டாக்டருக்கு முதலில் புரியவில்லை.

"எரிக்கற சீட்டுங்க. அதை அண்ணன் எடுத்தா, கட்டுல இருந்து எதை வேணும்னாலும் அவனே தூக்கிப் போட்டுக்கலாம். பட்டணத்துல அப்படி ஒண்ணு உண்டு. இத்தனை நாளா எரிச்சதெல்லாம் நான். ஒருதடவையாவது அவன் எரிக்கட்டும்."

டாக்டர் தயங்கினார். நோயாளியின் கையிலேயே கட்டை மாற்றும் உரிமையைக் கொடுப்பது யாரும் செய்யாத காரியம். அவன் எழுந்து நிற்பதையே எரித்துவிட்டால்? பேசுவதை எரித்துவிட்டால்? இன்னும் சில நாளில் தடம் இறுகிவிடும், திரும்ப வைக்க முடியாது. அகல்யாவுக்கும் இது தெரியும். தெரிந்துதான் கேட்டாள். மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்த டாக்டர், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மட்டும் பூட்டுப் போட்டுவிடுவதாகச் சொன்னார். மற்றதெல்லாம் அவர் இஷ்டம் என்றார்.

எரிக்கும் சீட்டு வியாழக்கிழமை காலையில் வந்தது. அவன் கையில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்கு ஒரு சின்னத் திரை கொடுத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றாக அதைத் திரையில் பார்த்ததும் அகல்யா அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. அவன் அதைத்தான் எடுத்திருந்தான். மொத்தக் கட்டும் திரையில் விரிந்தது, அவன் மனம் சாயும் சீட்டு ஒவ்வொன்றாக மின்னியது. காயில் சுற்றுவதைத்தான் எரிப்பான் என்று நினைத்தாள். எழுந்து நிற்பதை மட்டும் எரித்துவிடாதே அண்ணா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். வெளியே ஒரு சொல் பேசவில்லை. பேசினால் அவன் ஆமா என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்.

பூவரசன் காயிலைத் தாண்டிப் போனான். குளியலைத் தாண்டினான். நிதானமாக ஒரு சீட்டில் நின்றான். அது கருகி மறைந்தது.

அவன் எரித்தது 'சிரி'யை.

அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கட்டு முழுவதிலும் அவள் தனக்காக வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதைத் தேடிப்பிடித்து எரித்திருக்கிறான். என் மேல் அவ்வளவு கோபமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. எழுந்து சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். வெள்ளிக்கிழமை தடம் இறுகியது. இனி அந்தச் சிரிப்பு எந்த நாளும் திரும்பாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? பூவரசன் உப்புமா வேண்டாம் என்றான். சட்டை வேண்டாம் என்றான். பார்க்க வந்த பெரியப்பா மகனை வாசலிலேயே வைத்து, முகத்துக்கு நேராக, வேண்டாம் என்றான். அவர் முறைத்துக்கொண்டு போனார். மூன்று நாள் முகம் மழிக்கவில்லை. ஒருநாள் காலை முழுக்க ஜன்னலைப் பார்த்தான். அகல்யாவுக்கு எரிச்சல் மண்டையைப் பிடுங்கியது. ஆனால் காபியை நீட்டும்போது அவன் ஆமா என்று வாங்கிக்கொண்டால், இது அவனுக்கு உண்மையாகவே வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு டம்ளர் காபியைக் கொடுப்பதில் அவளுக்கு இதற்குமுன் இல்லாத ஒரு நிறைவு இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் பட்டறைக்குப் போனான். வலித்தால் நிறுத்தினான். விரல் ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரையில் 'சீட்டாடு' வந்தது. அவன் அதை எடுத்தான். அகல்யா அலமாரி மேலிருந்து பட்டணம் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். விபத்துக்குப் பிறகு அதை அவள் தொடவில்லை. ஆடத் தொடங்கினால் பழைய வேகத்தில் சீட்டைச் சீட்டு இழுத்துக்கொண்டு போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படித்தான் போனது. அவன் மெதுவாக, பழையபடியே, எந்தக் குப்பையையும் எரிக்காமல் ஆடினான்.

அகல்யா வழக்கம்போல மண் சீட்டை எரிக்கக் கையை நீட்டினாள். மனசு வரவில்லை. இருக்கட்டும் என்று கட்டுக்குள்ளேயே விட்டுவிட்டாள். தரிசையும் புல்லையும் அப்படியே விட்டாள். நாலைந்து சுற்று போயிருக்கும். அவள் முறை வந்தது. ஐந்து சீட்டு எடுத்தாள்.

மண், மண், தரிசு, புல், மண்.

அகல்யாவின் கைக்கு இப்படி ஒரு சீட்டு இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. ஒரு செயல்கூட இல்லை. சங்கிலி இல்லை, கணக்குப் போட ஒன்றுமே இல்லை. இறக்குவதற்கு ஏதாவது இருக்காதா என்று ஐந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு தானாகப் பிதுங்கியது. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நிமிர்ந்தாள்.

பூவரசன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒன்றும் இல்லாமல் நிமிரும் இந்த முகத்துக்காக எத்தனை வருஷமாகக் காத்திருந்தானோ. அவன் வாயோரம் லேசாகத் துடித்தது. கன்னம் ஒருபக்கமாக இழுத்தது. பிறகு தோள் குலுங்க, கொஞ்சம் கோணலாக, வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அகல்யா அவன் காதோரத்தைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

மறுபடியும் பார்த்தாள். கடுகளவுகூட ஒளி இல்லை. அந்தச் சீட்டைத்தான் அவனே எரித்துப் போட்டிருந்தானே. கட்டிலேயே இல்லாத ஒன்றை எந்தக் கருவி எடுத்துக் கொடுக்கும்?

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த ஐந்து சீட்டையும் அவன் பார்க்கும்படி தரையில் விரித்து வைத்தாள்.

"என்ற கையில ஒண்ணுமே இல்லண்ணா," என்றாள்.

அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.